மனுவில் எதைக் கேட்பது: வேகமான வண்டியா, பழுது பார்த்த பாதையா?

தாராவி நெல்லையான் கேட்டது:

மும்பையில் எங்கள் ஊர்க்காரர் சங்கத்தில் போன கூட்டம் முழுக்க இதே சண்டைதான். ரயில்வேக்கு ஒரு மனு கொடுப்பதாக முடிவு. என்ன கேட்பது என்பதில் இரண்டு அணி. இளவட்டங்களுக்கு மும்பையிலிருந்து திருநெல்வேலிக்குப் படுக்கை வசதியுள்ள வந்தே பாரத் வேண்டும். பெரியவர்கள், முதலில் இருக்கிற பாதையையும் பாலத்தையும் சரி பண்ணச் சொல்லு என்கிறார்கள். எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது. ஊருக்குப் போய்ச் சேர ஒன்றரை நாள் ஆகிறது. அம்மாவுக்கு முடியவில்லை என்று போன் வந்தால் அந்த ஒன்றரை நாள் எப்படிப் போகும் என்று இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அதே சமயம் இங்கே தண்டவாளத்துக்கு மேலே போகிற, 1912ல் கட்டிய சயான் சாலைப் பாலத்தைப் பழசாகிவிட்டதென்று 2024ல் மூடியபோது, இப்படி இன்னும் எத்தனை பாலத்துக்கு மேலேயும் கீழேயும் தினமும் போய்வருகிறோமோ என்று மனசு பதறியது.

என் கேள்வி இதுதான். வண்டியின் வேகத்தைக் கூட்டினால் பயண நேரம் நிஜமாகவே குறையுமா? புல்லட் ரயிலுக்குப் போகிற பணத்தைப் பழுது பார்க்கத் திருப்ப முடியுமா?

செம்பூர்வாசி:

இரண்டாவது கேள்விக்கு மட்டும் நான் சொல்கிறேன். மும்பை–அகமதாபாத் புல்லட் ரயில் 508 கி.மீ. தனிப் பாதை. அதன் முதல் மதிப்பீடு 1.08 லட்சம் கோடி ரூபாய். அதில் 81 சதவீதம் ஜப்பான் கடன், வட்டி 0.1 சதவீதம், திருப்பிக் கட்ட 50 வருடம். அந்தத் திட்டத்துக்கென்றே கொடுத்த கடன் அது. சயான் பாலத்துக்கோ டோம்பிவிலி பிளாட்பாரத்துக்கோ எடுத்துச் செலவழிக்க முடியாது. அதனால் 'அதை நிறுத்து, இதைச் செய்' என்று மனு எழுதினால் எடுபடாது.

கல்யாண் பி.வே:

தண்டவாளப் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தம்பியின் முதல் கேள்விக்குக் கணக்கோடு பதில் சொல்கிறேன்.

மணிக்கு 110 கி.மீ.யில் ஓடுகிற பாதையை 130க்கு உயர்த்துகிறார்கள் என்று வையுங்கள். 50 கி.மீ. தூரத்துக்கு மிச்சமாவது நாலு நிமிடம் சொச்சம். இப்போது அந்த 50 கி.மீ.க்குள் எங்கோ ஓரிடத்தில் பாலம் பழசு, அல்லது ஜல்லிக்கு அடியில் சேறு ஏறிவிட்டது. ஒரு கி.மீ. நீளத்துக்கு 30க்கு மேல் போகாதே என்று காஷன் ஆர்டர், அதாவது வேகக் கட்டுப்பாட்டு உத்தரவு. டிரைவர் தூரத்திலேயே பிரேக் பிடிக்கவேண்டும். கடைசிப் பெட்டி தாண்டும் வரை வேகம் எடுக்கக் கூடாது. 24 பெட்டி வண்டி அரை கி.மீ.க்கு மேல் நீளம். அப்புறம் திரும்ப வேகம் பிடிக்கவேண்டும். எல்லாம் சேர்த்தால் அந்த நாலு நிமிடம் போயே போய்விட்டது. பாதை நெடுக இப்படி எத்தனை காஷன் என்று எண்ணிப் பாருங்கள், ஒன்றரை நாள் எங்கே போகிறது என்று புரியும்.

நம் ஊர் வழியிலேயே உதாரணம் இருக்கிறது. 2023 பிப்ரவரியில் மும்பையிலிருந்து சோலாப்பூருக்கு வந்தே பாரத் விட்டார்கள். 160ல் போகக்கூடிய வண்டி. சுமார் 455 கி.மீ.க்கு ஆறரை மணி நேரம், அதாவது சராசரி 70. கல்யாண் வரை லோக்கல் நெரிசல், கர்ஜத்துக்கும் லோனாவாலாவுக்கும் நடுவே 37க்கு 1 ஏற்றம், 37 அடி போனால் ஒரு அடி ஏறும். வண்டி எவ்வளவு நல்லதானாலும் பாதை விடுகிற வேகத்தில்தான் போகமுடியும்.

பழுது பார்ப்பது என்றால் என்ன என்றும் சொல்கிறேன், பலரும் பெயின்ட் அடிப்பதாக நினைக்கிறார்கள். டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் குளிரில் தண்டவாளம் சுருங்க இழுக்கும். விரிசல் விடுவது பெரும்பாலும் வெல்டு போட்ட இடத்தில். அதைப் பார்ப்பதற்கென்றே பின்னிரவில் ஆட்கள் நடப்பார்கள். விடிந்தபின் கீமேன், சுத்தியலும் ஸ்பேனரும் சிவப்புக் கொடியுமாகத் தன் எல்லை முழுக்க நடந்து கிளிப்புகளை இறுக்கிக்கொண்டே வருவார். தண்டவாளம் உடைந்தால் முதலில் வெட்டுமுகத்தைப் பார்ப்போம். புதிதாக உடைந்த பகுதி பளபளவென்று இருக்கும், முன்பே விரிந்திருந்த பகுதி துரு ஏறிக் கறுத்திருக்கும். கறுப்பு எவ்வளவு அகலமோ அவ்வளவு காலம் அது யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கறுப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். எத்தனை வண்டி அதன் மேல் போயிருக்கும்!

2023 ஜூன் 2ஆம் தேதி பாலசோரில் சென்னைக்கு வந்த கோரமண்டல் 128 கி.மீ. வேகத்தில் பச்சை சிக்னலை நம்பித்தான் வந்தது. சிக்னல் ஒயரிங் வேலையில் நடந்த தப்பு அதைச் சரக்கு வண்டி நின்றிருந்த பக்கத்து லூப் லைனில் திருப்பிவிட்டது. 290 உயிருக்கு மேல் போனது.

பணத்தைவிடப் பெரிய தட்டுப்பாடு நேரம். மும்பை லோக்கல் இரவு ஒரு மணியிலிருந்து நாலு மணி வரைதான் ஓய்கிறது. அதற்குள் இறங்கி, வேலை பார்த்து, கருவிகளை எண்ணி எடுத்துக்கொண்டு வெளியேறவேண்டும். மீதிக்கு ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக், அதாவது சில மணி நேரம் பாதையை மூடிச் செய்கிற வேலை. ஜப்பானில் 1964லிருந்து ஷின்கான்சென் ஓடுகிறது. இன்றைக்கும் நள்ளிரவிலிருந்து காலை ஆறு மணி வரை வண்டியே விடுவதில்லை, பாதை பராமரிப்புக்காக. உலகத்துக்கே வேகம் காட்டியவர்கள் ராத்திரிதோறும் ஆறு மணி நேரம் நிறுத்தி வைக்கிறார்கள். நாம் அதைத்தான் முதலில் கற்றுக்கொள்ளவேண்டும்.

பரேல் அக்கா:

அண்ணாச்சி சொன்னது தூரத்து வண்டிக்கு. எங்களை மாதிரி லோக்கலில் போகிறவர்களுக்குப் பாதை என்றால் படிக்கட்டும் சேர்த்துத்தான். 2017 செப்டம்பர் 14ல் புல்லட் ரயிலுக்கு அடிக்கல் நாட்டினார்கள். 29ஆம் தேதி காலை எல்பின்ஸ்டன் ரோடு நடைமேம்பாலத்தில் மழைக்கு ஒதுங்கி நின்ற கூட்டம் நசுங்கி 23 பேர் செத்தார்கள். அந்தப் பாலத்தில் நானும் ஏறி இறங்கியவள்தான். குறுகல் என்று தினம் தினம் சொல்லிக்கொண்டேதான் நடந்தோம். அப்புறம் ராணுவத்தைக் கூப்பிட்டார்கள், 2018 பிப்ரவரியில் புதுப் பாலம் திறந்துவிட்டார்கள். அஞ்சு மாதம்கூட ஆகவில்லை! முடிகிற வேலையை முன்னாலேயே செய்திருக்கலாமே என்ற ஆத்திரம் எனக்கு இன்றைக்கும் தீரவில்லை. மனுவில் நடைமேம்பாலத்தை விட்டுவிடாதீர்கள் தம்பி.

தாராவி நெல்லையான்:

நன்றி அண்ணாச்சி, நன்றி அக்கா. அப்போ வந்தே பாரத் கேட்கவே வேண்டாமா? பசங்களிடம் என்ன சொல்ல?

கல்யாண் பி.வே:

கேளுங்கள் தம்பி, ஆனால் இரண்டாவதாக. முதல் பத்தியில் கல்யாணிலிருந்து குண்டக்கல் வரை எந்தெந்த இடத்தில் வேகக் கட்டுப்பாடு இருக்கிறது, ஒவ்வொன்றும் எப்போது போட்டது, எப்போது எடுப்பார்கள் என்று பட்டியல் கேளுங்கள். அடுத்து, பராமரிப்புக்கென்று தினமும் ஒரு நேரம் கால அட்டவணையிலேயே ஒதுக்கி, வண்டி லேட் என்று அதில் கை வைக்கக் கூடாது என்று எழுதுங்கள். கேங்மேன், அதாவது தண்டவாளப் பராமரிப்புத் தொழிலாளி, காலியிடங்களை நிரப்பச் சொல்லுங்கள். அக்கா சொன்ன படிக்கட்டை, எந்த ஸ்டேஷன், எந்தப் பக்கம் என்று போட்டோவோடு சேருங்கள். பட்டியல் கேட்பதற்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் தனி விண்ணப்பமும் போடலாம், கட்டணம் 10 ரூபாய். எழுதி முடித்ததும் இங்கே போடுங்கள், ரயில்வே சொற்களை நான் சரிபார்த்துத் தருகிறேன்.