நாட்குறிப்புச் செயலியின் பெயரை மாற்றலாமா?

கேள்வி (அஸ்தம்பட்டி, சேலம்):
அன்றாட நினைவுகளை எழுதிவைப்பதற்காக நான் உருவாக்கிய ‘அந்திக்குறிப்பு’ செயலியில், ஏற்காட்டுக் காப்பித் தோட்டக்காரர்கள் மழையளவு, பறிப்புக் கூலி, மிளகு எடை ஆகியவற்றையே பதிந்துவருவதால், அதற்கேற்பப் பெயரை மாற்ற விரும்புகிறேன். பழைய பயனர்கள் குழம்பாதிருக்க என்ன செய்யலாம்?

மறுமொழி 1:
பிளே ஸ்டோரில் காட்சிப் பெயரை 30 எழுத்துக்குறிகளுக்குள் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் வெளியிட்ட செயலியின் பேக்கேஜ் பெயரை (செயலியை ஸ்டோர் அடையாளம் காணும் உள்பெயர்) மாற்ற இயலாது. வேறு பேக்கேஜ் பெயரில் ஏற்றினால் அது புதிய செயலியாகவே கருதப்படும், இதுவரை கிடைத்த மதிப்புரைகளும் உடன் வாரா. பயனர் கண்ணில் படாத பேக்கேஜ் பெயரை அப்படியே விட்டுவிடுங்கள்.

மறுமொழி 2 (நாகலூர்):
ஐயா, பழம் பறிக்கும் மார்கழியில் மட்டும் மாற்ற வேண்டாம். பெயரையும் ஐகானையும் ஒருசேர மாற்றினால், கூலிக் கணக்கு எழுதும் மேஸ்திரி கைப்பேசியில் தேடித் திணறிப்போவார். ஐகானை அடுத்த பதிப்பில் மாற்றுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. பறிப்பு முடிந்த பிறகே மாற்றுகிறேன். ஐகான் இப்போதைக்கு அப்படியே இருக்கும்.