மிளகுக்கொடியில் ஒரு பச்சை ஓணான்

குழு: அம்மாயி வீடு

செல்வி சித்தி (ஏற்காடு): [படம்] தோட்டத்தில் மிளகுக்கொடி மேல் உட்கார்ந்திருக்கிறது. உடம்பெல்லாம் பச்சை, குறுக்கே வெள்ளைப் பட்டை. பச்சோந்திதானே? பசங்க கல்லெடுத்துவிட்டார்கள், பிடுங்கி வைத்திருக்கிறேன்.

முருகேசன் மாமா (அம்மாபேட்டை): பச்சோந்தியேதான். பார்க்கும்போதே நிறம் மாறும்.

கார்த்தி: வாலைப் பாருங்க மாமா. உடம்பைவிட மூன்று மடங்குக்கு மேல் நீளம், நேராகத் தொங்குகிறது. பச்சோந்தி வாலைச் சுருட்டிக் கிளையைப் பிடித்துக்கொள்ளும். கண்கள் பிதுங்கி, ஒன்று முன்னால் பார்த்தால் மற்றது பின்னால் பார்க்கும். இது பச்சை ஓணான். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் இருப்பது, நம் சேர்வராயன் மலையிலும் உண்டு.

மாமா: அப்போ நிறம் மாறாதா?

கார்த்தி: மாறும். மிரண்டால் பச்சை மங்கிப் பழுப்பாகும். இணை சேரும் காலத்தில் ஆணுக்குத் தலை சிவக்கும்.

பிரியா: அம்மாயி சொல்லச் சொல்ல நான் தட்டுகிறேன்: "ராமர் தண்ணீர் கேட்டபோது அணில் இளநீர் கொடுத்தது, ஓணான் மூத்திரத்தைக் கொடுத்தது. அதான் அடிக்கிறது."

சித்தி: பசங்களுக்குக் கல்லெடுக்கச் சொல்லிக்கொடுத்தது யார் என்று தெரிந்துவிட்டது 😄

மாமா: எங்க வேலியில் இருப்பதற்குக் கழுத்தெல்லாம் சிவப்பு. பார்த்தே ரத்தத்தை உறிஞ்சிவிடுமாமே?

கார்த்தி: அது சாதா ஓணான். உறிஞ்சுவதெல்லாம் கட்டுக்கதை, தின்பது எறும்பும் வெட்டுக்கிளியும். சிவப்பு மற்ற ஆண்களை விரட்டவும் பெண்ணுக்குக் காட்டவும். முன்காலை ஊன்றித் தண்டால் எடுப்பதும் அதற்குத்தான். சித்தி, படத்தைப் பெரிதாக்கிக் காதுக்கு மேலே பாருங்கள். சீப்புப்பல் மாதிரி முள் வரிசை இருக்கும். சாதா ஓணானுக்கு அந்த இடத்தில் தனித்தனியாக இரண்டு சின்ன முள்கொத்துதான்.

சித்தி: ஆமாம்! வரிசையாக இருக்கிறது.

பிரியா: எங்க ரோஜாத் தொட்டியில் ஒன்று மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தது அண்ணா.

கார்த்தி: முட்டையிடத்தான். இட்டு மூடிவிட்டுப் போனால் அப்புறம் திரும்பிக்கூடப் பார்க்காது. ஆறேழு வாரத்தில் குஞ்சு தானாக வெளியே வரும். தொட்டியைக் கிளறாதே.

மாமா: வேலியில் போன ஓணானை வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான் பிரியா.

பிரியா: தொட்டி பால்கனியில் இருக்கிறது மாமா, வேட்டியில் இல்லை.

சித்தி: இது ராத்திரியும் இங்கேயே இருக்குமா தம்பி?

கார்த்தி: கிளை நுனியில் ஒட்டிப் படுத்துத் தூங்கும். டார்ச் அடித்தால் வெளிறித் தெரியும், பகலில் தேடுவதைவிடச் சுலபம்.

சித்தி: சரி, பார்த்துப் படம் போடுகிறேன். காட்டெருமை வராமல் இருந்தால்.