ஹைட்ரோஃபாயில் மாதிரிப் படகு அலையில் மூக்குக் குத்துகிறது: வழி தெரிந்தவர்கள் உதவவும்

அமெரிக்கக் கடற்படையில் 1977-இல் சேர்ந்த பெகாசஸ் என்னும் ஹைட்ரோஃபாயில் (நீருக்கடியில் உள்ள சிறகுகள் தூக்க, உடல் நீருக்கு மேலே எழுந்து ஓடும்) ரோந்துப் படகைப் பின்பற்றி, முன்னால் சிறிய சிறகும் பின்னால் பெரிய சிறகும் முழுவதும் நீருக்குள் இருக்கும்படி 120 செ.மீ. நீள மாதிரி ஒன்றைச் செய்து, மூன்று வாரங்களாக இராமேசுவரம் அருகே மண்டபம் ஊர்க் கடலில் ஓட்டிப் பார்க்கிறேன். வடக்கே பாக் விரிகுடாவில் விடியற்காலையில் கடல் குளம்போல் கிடக்கும்போது படகு அழகாக எழுந்து ஓடுகிறது. தெற்கே மன்னார் வளைகுடாவிலோ, கச்சான் என்னும் தென்மேற்குக் காற்றில் சிறு அலை வந்தாலும் முன்சிறகு நீர்மட்டத்தை எட்டி, காற்றை உள்ளிழுத்து, தூக்குவிசையை இழந்து, மூக்கு நீரில் குத்துகிறது.

சிறகின் கோணத்தை 4 பாகையிலிருந்து 2 ஆகக் குறைத்தேன். பேட்டரியை முன்னே நகர்த்தினேன். கைரோ என்னும் சாய்வு உணரியும் பொருத்தினேன், ஆனால் அது சாய்வை அறியுமே தவிர உயரத்தை அறியாது. மெய்யான படகில் உயர உணரியும் தானியங்கிக் கட்டுப்பாடும் இருந்தன.

இந்த அளவு மாதிரிக்கு, நீர்மட்டத்தைத் தொட்டுச் செல்லும் உணர்கோல் ஒன்றை முன்சிறகோடு இணைத்தால் போதுமா?