தமிழ் ஆய்வேட்டுக் குறிவரைவுகள்: எங்கே சறுக்குகிறது, எப்படித் திருத்துவது?

தொடங்கியவர்: செந்தூல் வாசகர்

ஆய்வேடுகளிலும், பள்ளி, சங்கக் கருத்தாய்வு அறிக்கைகளிலும் குறிவரைவுகள் (பட்டை, கோடு, வட்டம் என எண்களைக் காட்டும் படங்கள்) எங்கே கெடுகின்றன? கண்ணில் பட்டதைத் திருத்தும் வழியோடு எழுதுங்கள். ‘தெளிவாக இருக்க வேண்டும்’ என்று மட்டும் சொன்னால் யாருக்கும் உதவாது. எந்த எண், எந்தச் சொல், எந்த அமைப்பு என்று சொல்லுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் மெய்ப்புத் திருத்துநர்

எழுத்திலிருந்து தொடங்குகிறேன். எழுத்து உடைந்திருந்தால் வாசகர் எண்ணையும் சந்தேகப்படுவார்.

பைதான் நிரல்மொழியில், மேட்பிளாட்லிப் என்ற வரைபடத் தொகுப்பு கொண்டு வரைந்த படங்களில்தான் இது அதிகம். ‘பெண்கள்’ என்று கொடுத்தால் ப முன்னால் நிற்கும், கொம்பு அதற்குப் பின்னால் போய் நிற்கும். ‘கொடிமலை’ என்றால் க-வைத் தாண்டிக் கொம்பும் காலும் ஒன்றாக வந்து உட்காரும். ‘குடும்பம்’ என்பதில் கு ஓரெழுத்தாகச் சேராது. உடனே எழுத்துருவை மாற்றிப் பார்க்கிறார்கள்: லதா, நிர்மலா, நோட்டோ என்று. எதிலும் சரியாகாது, ஏனென்றால் கோளாறு எழுத்துருவில் இல்லை. யூனிக்கோடில் ப முதலிலும் கொம்பு அடுத்தும்தான் சேமிக்கப்படுகின்றன. கொம்பை முன்னே கொண்டுவந்து வைப்பது எழுத்துகளைக் கோக்கும் மென்பொருளின் வேலை. அந்த வேலையைச் செய்யாத மென்பொருள், சேமித்த வரிசையிலேயே வரைந்துவிடுகிறது.

இரண்டு வழிகள் உண்டு. மேட்பிளாட்லிப்பில் படத்தை எஸ்விஜி வடிவில் சேமியுங்கள். சேமிக்குமுன் எஸ்விஜி எழுத்துரு வகையை (svg.fonttype) ‘நன்’ (none) என்று அமைத்துவிடுங்கள். எழுத்து கோடாக மாறாமல் எழுத்தாகவே இருக்கும். உலாவியில் திறந்தால் உலாவியே சரியாகக் கோத்துவிடும், அங்கிருந்து பிடிஎஃப் எடுக்கலாம். ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியில் எழுதுபவர்கள் ‘ஆர், ஏ, ஜி, ஜி’ என்ற எழுத்துகளில் பெயர் கொண்ட தொகுப்பு வழியாகச் சேமித்தால் போதும். எக்செல்லில் இந்தத் தொல்லை இல்லை.

எக்செல்லின் தொல்லை வேறு. தமிழ்ப் பெயர்கள் உள்ள சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த தரவுக் கோப்பு) இருமுறை சொடுக்கித் திறந்தால் குப்பை எழுத்தாக வரலாம். ‘தரவு’ பட்டியில் சிஎஸ்வி இறக்குமதிக்குப் போய், ‘கோப்பின் மூலம்’ (File Origin) என்ற இடத்தில் 65001 யூனிக்கோட் யூடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

அளவையும் பாருங்கள். 32 செண்டிமீட்டர் அகலத்தில் வரைந்த படத்தை வேர்டில் 16 செண்டிமீட்டருக்குச் சுருக்கினால், 10 புள்ளி எழுத்து 5 புள்ளியாகிவிடும். தமிழில் 5 புள்ளியில் ணகரமும் னகரமும் ஒன்றாகத்தான் தெரியும். வரையும்போதே 16 செண்டிமீட்டர் என்று அமைத்து, எழுத்தை 9 அல்லது 10 புள்ளியில் வையுங்கள். அச்சுக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 படப்புள்ளி) என்றால் அந்த அகலத்துக்கு ஏறக்குறைய 1890 படப்புள்ளிகள் தேவை.

கெலுகோர் புள்ளியியல் ஆசிரியை

திருத்துநர் ஐயா சொன்னது படத்தின் முகம். அதன் அடியில் இருக்கும் வகுக்கும் எண்ணைப் பற்றி நான் சொல்கிறேன். தமிழர் பற்றிய அறிக்கைகளில் மிக அதிகமாகத் தவறுவது இதுதான்.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசியாவின் மொத்த மக்கள்தொகை 32.4 மில்லியன். இந்தியர் 6.7 விழுக்காடு. இரண்டும் சரியான எண்கள். இரண்டையும் பெருக்கி 2.17 மில்லியன் இந்தியர் என்று எழுதினால் தவறு. அந்த 6.7 விழுக்காடு குடிமக்களுக்குள் எடுத்த கணக்கு. குடிமக்கள் 29.8 மில்லியன் பேர், மீதி ஏறக்குறைய 2.7 மில்லியன் பேர் குடியுரிமை இல்லாதவர்கள் (எண்கள் முழுமையாக்கப்பட்டவை). சரியாகப் பெருக்கினால் ஏறக்குறைய 2 மில்லியன் வரும். வித்தியாசம் ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேருக்கும் மேல். படத்தின் கீழே ‘குடிமக்களில் விழுக்காடு’ என்ற இரண்டு சொற்கள் இருந்திருந்தால் இந்தத் தவறு நடக்காது. எந்த விழுக்காட்டுப் படமானாலும் ‘எதில் விழுக்காடு, எத்தனை பேர்’ என்பதைப் படத்துக்குள்ளேயே எழுதுங்கள். படம் தனியே வெட்டி எடுக்கப்பட்டு வாட்சப்பில் சுற்றும். பக்கத்தில் இருந்த பத்தி அதோடு போகாது.

சிறிய மாதிரிக்கு விழுக்காடே வேண்டாம். 12 மாணவரில் 8 பேர் என்றால் 12 பேரில் 8 பேர் என்றே எழுதுங்கள். 66.67 என்று இரண்டு தசமம் போட்டால், இல்லாத துல்லியத்தை இருப்பதுபோல் காட்டுகிறோம். அங்கே ஒரே ஒரு மாணவர் மனம் மாறினால் 8 விழுக்காட்டுப் புள்ளி நகர்ந்துவிடும்.

பட்டைக் குறிவரைவில் நிலை அச்சு (செங்குத்து அச்சு) சுழியத்தில்தான் தொடங்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. 62, 65 என்ற இரண்டு மதிப்பெண்களை 60இல் தொடங்கும் அச்சில் வரைந்தால் ஒரு பட்டை 2 அலகு, மற்றது 5 அலகு உயரம். கண் அதை இரண்டரை மடங்கு என்று படித்துவிடும். பட்டையில் நாம் படிப்பது நீளத்தை. கோட்டுக் குறிவரைவில் படிப்பது ஏற்ற இறக்கத்தை, அதனால் அங்கே சுழியம் கட்டாயமில்லை.

பட்டர்வொர்த் முதுகலை மாணவி

டீச்சர், வினாநிரலில் ஐந்து நிலைக் கேள்விகள் (முழு ஒப்புதல் முதல் முழு மறுப்பு வரை) 20 இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்டக் குறிவரைவு போடலாமா?

கெலுகோர் புள்ளியியல் ஆசிரியை

வேண்டாம் அம்மா. 20 வட்டங்களைப் பார்த்து எந்தக் கேள்விக்கு ஆதரவு அதிகம் என்று யாராலும் சொல்ல முடியாது. 1984இல் கிளீவ்லண்ட், மெக்கில் என்ற ஆய்வாளர்கள் செய்த சோதனையில், ஒரே அளவுகோலில் இடத்தை ஒப்பிடும்போது மனிதர்கள் மிகக் குறைவாகத் தவறினார்கள். கோணத்தை ஒப்பிடும்போது அதைவிட அதிகமாகத் தவறினார்கள். வட்டத்தில் நாம் கேட்பது கோணத்தைத்தானே?

20 கேள்விகளையும் ஒரே படத்தில் கிடைப் பட்டைகளாக அடுக்குங்கள். ஒவ்வொரு பட்டையும் 100 விழுக்காடு, அதற்குள் ஐந்து நிலைகள். கேள்விகளை வினாநிரல் வரிசையில் வைக்காமல், ஒப்புக்கொண்டவர் விழுக்காட்டின்படி மேலிருந்து கீழே வரிசைப்படுத்துங்கள். கிடைப் பட்டை என்றால் நீளமான தமிழ்க் கேள்வியும் சாயாமல் நேராக நிற்கும். எக்செல் முதல் வரியைக் கீழே வைக்கும். அச்சு அமைப்பில் வகைகளைத் தலைகீழ் வரிசையில் காட்டச் சொன்னால் மேலே வந்துவிடும். ஒப்புதலுக்கு ஒரு நிறத்தின் இரு அடர்த்தி, மறுப்புக்கு இன்னொரு நிறத்தின் இரு அடர்த்தி, நடுநிலைக்குச் சாம்பல். சிவப்பு–பச்சை இணையைத் தவிர்த்து நீலம்–ஆரஞ்சு எடுங்கள், நிறக்குருடு உள்ளவர்களுக்கும் தெரியும்.

செந்தூல் வாசகர்

காலத் தொடரைப் பற்றி நானே சேர்க்கிறேன். அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளத்தில் எல்ஆர்டி, எம்ஆர்டி நகர ரயில்களின் பயணிகள் எண்ணிக்கை நாள்வாரியாகக் கிடைக்கிறது. அதை அப்படியே கோடாக இழுத்தால் ரம்பப் பல் போல வரும், வாரநாளில் ஏறி வார இறுதியில் இறங்கும். நாள் எண்ணை மெல்லிய சாம்பல் கோடாகவும், ஏழு நாள் சராசரியைத் தடித்த கோடாகவும் வரையுங்கள். ஐந்து நாளோ பத்து நாளோ எடுத்தால் பல் முழுதாக மறையாது. ஏழு எடுத்தால்தான் ஒவ்வொரு சராசரிக்குள்ளும் ஒரு சனியும் ஒரு ஞாயிறும் இருக்கும்.

எம்ஆர்டி புத்ராஜெயா தடத்தின் கோடு 2023 மார்ச்சில் திடீரென ஏறும். மார்ச் 16ஆம் தேதி அந்தத் தடம் முழுவதும் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு ஒரு பகுதிதான் ஓடியது. அந்த நாளில் ஒரு நிலைக்கோடு இழுத்து ‘முழுத் தடமும் திறப்பு’ என்று எழுதாவிட்டால், மக்கள் திடீரென ரயிலுக்கு மாறிவிட்டதாக ஆய்வாளர் ஒரு பக்கம் விளக்கம் எழுத நேரிடும்.

நம் நாட்டில் மாதத்தோடு மாதம் ஒப்பிடுவதில் ஒரு பொறி உண்டு. நோன்புப் பெருநாள் 2023இல் ஏப்ரல் 22, 2024இல் ஏப்ரல் 10, 2025இல் மார்ச் 31. தைப்பூசம் 2024இல் ஜனவரி 25, 2025இல் பிப்ரவரி 11. ஜனவரியை ஜனவரியோடு ஒப்பிட்டு, பத்துமலைக்குப் போகும் கொமுட்டர் ரயிலில் கூட்டம் குறைந்துவிட்டது என்று எழுதினால், உண்மையில் குறைந்தது கூட்டமா, ஜனவரியில் தைப்பூசம் இல்லாததா? விழாவை நடுவில் வைத்து முன்னும் பின்னும் சம நாட்கள் எடுத்து ஒப்பிடுங்கள்.

தேதியையும் சோதியுங்கள். 03/04 என்பதைக் கணினியின் வட்டார அமைப்பு மார்ச் 4 என்று படித்திருக்கலாம். 12க்கு மேற்பட்ட நாட்கள் இடப்பக்கம் ஒட்டி எழுத்தாக நின்றால் அதுதான் அடையாளம்.

பிரிக்பீல்ட்ஸ் மெய்ப்புத் திருத்துநர்

படத்தைச் சுற்றியுள்ள எழுத்தைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது.

‘படம் 4.3 ஆண்களின் எண்ணிக்கையையும் பெண்களின் எண்ணிக்கையையும் காட்டுகிறது’ என்ற வாக்கியத்தை வெட்டிவிடுங்கள். அது படத்தைப் பார்த்தாலே தெரியும். ‘மூன்று படிவங்களிலும் பெண்களே அதிகம்; இடைவெளி ஐந்தாம் படிவத்தில் மிக அதிகம் (படம் 4.3)’ என்று எழுதினால் வாசகர் எதைத் தேட வேண்டும் என்று தெரிந்துகொண்டு படத்துக்குப் போவார். பட்டையில் உள்ள எல்லா எண்ணையும் பத்தியில் மறுபடி ஒப்பிக்க வேண்டாம்.

40 விழுக்காடு 50 ஆனால் ‘10 விழுக்காடு கூடியது’ என்பது பிழை. 10 விழுக்காட்டுப் புள்ளி கூடியது, அல்லது 25 விழுக்காடு வளர்ந்தது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்து அறிக்கை முழுக்க அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

‘தாக்கம்’ என்ற சொல் தலைப்புகளில் தாராளமாக விழுகிறது. ஒரே தடவை வினாநிரல் கொடுத்து, கைப்பேசி நேரத்தையும் மதிப்பெண்ணையும் சேர்த்துப் பார்த்த ஆய்வு ‘தொடர்பு’ என்றுதான் சொல்ல முடியும். எது முன், எது பின் என்று அந்தத் தரவில் இல்லவே இல்லை.

சராசரிக்கு மேல் நிற்கும் பிழைக்கோட்டுக்கு விளக்கம் இல்லாத படங்களும் நிறைய. 64 பேர், திட்ட விலக்கம் (மதிப்புகள் சராசரியைச் சுற்றிப் பரவியிருக்கும் அளவு) 12 என்றால் கோடு மேலும் கீழும் 12 ஆகலாம், திட்டப் பிழையான (சராசரியே எவ்வளவு விலகக்கூடும் என்பதன் அளவு) 1.5 ஆகலாம், 95 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளியான ஏறக்குறைய 3 ஆகலாம். ஒரே தரவுக்கு மூன்று நீளம். எது என்பதைப் படத்தலைப்பின் கடைசி வரியில் எழுதுங்கள்.

பட்டர்வொர்த் முதுகலை மாணவி

நன்றி டீச்சர், நன்றி ஐயா. கிடைப் பட்டையில் நடுநிலைச் சாம்பலை நடுவில் வைப்பதா, ஓரத்திலா?

கெலுகோர் புள்ளியியல் ஆசிரியை

ஓரத்தில், வலப்பக்கம் தனி நெடுவரிசையாக வையுங்கள் அம்மா. நடுவில் வைத்தால் ஒப்புதல் பட்டை ஒவ்வொரு கேள்விக்கும் வேறு வேறு இடத்தில் தொடங்கும், ஒப்பிட முடியாது. சாம்பலை வெளியே எடுத்துவிட்டால் ஒப்புதல் எல்லாம் ஒரே கோட்டிலிருந்து வலப்பக்கமும், மறுப்பு எல்லாம் அதே கோட்டிலிருந்து இடப்பக்கமும் நீளும்.