ஹெரால்டின் பானட் இடைவெளி: ஆலையிலேயே இருந்ததா, பிற்பாடு வந்ததா?

வண்டலூரான்

நேற்று ‘ஹெரால்டு66’ என்ற நண்பர் தாம் புதுப்பித்த 1966 ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் படங்களை இங்கே இட்டு, “பானட்டுக்கும் கதவுக்கும் நடுவே மேலிருந்து கீழ்வரை சீராக 4 மில்லிமீட்டர் இடைவெளி, ஆலையிலிருந்து வந்த அன்று இருந்தபடியே இருக்கிறது” என்று எழுதியிருந்தார். அவருடைய உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்தக் கடைசிக் கூற்று உண்மையன்று என்பதால், இரவு முழுவதும் அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

1953-இல் கார் பாடிகளை அடித்துத் தந்த ஃபிஷர் அண்டு லட்லோ நிறுவனத்தைப் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) வாங்கிவிட்டதால், இங்கிலாந்தின் கவென்ட்ரியில் இருந்த ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு முழு பாடியையும் ஒரே கூடாக அடித்துத் தரும் இடம் இல்லாமல் போயிற்று. அதனால்தான் 1959-இல் ஹெரால்டு வெளிவந்தபோது, மற்றவர்கள் கைவிட்டுக்கொண்டிருந்த தனிச் சேஸியின் (அடிச்சட்டத்தின்) மேல், துண்டு துண்டாகப் போல்ட் போட்டு முடுக்கிய பாடியோடு வந்தது. அதன் கூரையைக்கூடப் போல்ட்டைக் கழற்றித் தூக்கிவிடலாம். இப்படித் துண்டுகளாகச் சேர்த்த வண்டியில் நான்கு மூலைகளிலும் ஒரே இடைவெளி வருமா? 1961 முதல் சென்னையில் தயாரான வண்டிகளிலும் வரவில்லை. என் தந்தை அந்த ஆலையில் பாடி ஃபிட்டராக வேலை பார்த்தவர். எங்கள் வீட்டு ஹெரால்டில் இடப்பக்க பானட் இடைவெளி மேலே தபால் அட்டை நுழையும் அளவும், கீழே சுண்டுவிரல் நுழையும் அளவும் உள்ளது. அது ஆலையிலிருந்து வந்தபடியே இருக்கிறது. அதைச் சீராக்குபவர் வண்டியைப் புதுப்பிக்கவில்லை, வேறொரு வண்டியைச் செய்கிறார்.

ஹெரால்டு66

ஐயா, என் பெயரைச் சொல்லி எழுதியதால் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த வண்டிக்காக நான் மூன்று ஆண்டுகளையும் என் சேமிப்பில் பெரும்பகுதியையும் கொடுத்திருக்கிறேன். இடப்பக்கக் கதவின் முன்மூலையைச் சுரண்டியபோது மூன்று அடுக்குப் பெயிண்டும், அதன் அடியில் அரை அங்குலக் கனத்துக்குப் பட்டியும் இருந்தன. பட்டியை உடைத்தால், உள்ளே தகடு சுத்தியலால் அடித்து நிமிர்த்தப்பட்டிருந்தது. எப்போதோ யாரோ ஒருவர் மோதியிருக்கிறார். எவரோ ஒருவர் அதை அரைகுறையாகச் சரிசெய்திருக்கிறார். அந்தக் கோணலையும் ஆலையின் கைவண்ணம் என்று நான் கும்பிட வேண்டுமா? உங்கள் சுண்டுவிரல் இடைவெளி இப்படி ஒரு மோதலில் வந்ததன்று என்பதற்கு என்ன சான்று?

வண்டலூரான்

என் தந்தையின் சொல்தான் சான்று. அவர் தம் கையால் பொருத்திய வண்டியைப் பிற்பாடு தாமே வாங்கினார். யாரும் அதை மோதவில்லை. கீழே சுண்டுவிரல், மேலே தபால் அட்டை: நான் சிறுவனாக இருந்த நாள் முதல் இதே அளவுதான்.

கோவை_டிங்கர்

நாற்பது ஆண்டுகளாக டிங்கரிங் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஹெரால்டின் பானட், முன்பக்க மட்கார்டுகளோடு சேர்ந்து ஒரே துண்டாக முன்னோக்கிச் சாயும். அதன் கீல் முன்னால், கிரில்லுக்கு அடியில் இருக்கிறது; அந்தக் கீலை நகர்த்திப் பொருத்த இடம் உண்டு. பின்னால் ஓரத்துக்கு ஒன்றாக இரண்டு கொக்கிகள் அதை இழுத்துப் பிடிக்கின்றன. கீலைச் சற்று நகர்த்தினால் இடைவெளி மாறும். பாடிக்கும் சேஸிக்கும் நடுவே உள்ள பேக்கிங் துண்டைக் கூட்டினாலும் குறைத்தாலும் மாறும். இடைவெளியைச் சரிசெய்வதற்கென்றே இவ்வளவு வழி வைத்தவர்கள், அது சரியாக இருக்க வேண்டும் என்றுதானே நினைத்திருப்பார்கள்? ஐம்பது அறுபது ஆண்டுகளில் ரப்பர் பேக்கிங் நசுங்கி, சேஸியின் குறுக்குக் கை துருவேறி, பாடி ஒருபக்கமாக இறங்கிவிடும். அப்போது மேலே இறுகும், கீழே விரியும். நீங்கள் சொல்லும் அளவு அப்படியே அதைத்தான் காட்டுகிறது. வலப்பக்கத்தில் அளவு என்ன என்று சொன்னால், நான் இன்னும் உறுதியாகச் சொல்வேன்.

வண்டலூரான்

சரிசெய்ய வழி வைத்தார்கள் என்பதும் சரிசெய்தார்கள் என்பதும் ஒன்றல்ல. வழி வைக்க வேண்டியிருந்ததற்கே, துண்டுகள் ஒன்றோடொன்று ஒத்துவராதது அவர்களுக்குத் தெரிந்திருந்ததுதான் காரணம். பர்மிங்காமில் அடித்த தகடும் லிவர்பூலில் அடித்த தகடும் கவென்ட்ரியில் வந்து சேர்ந்த வண்டி அது. இங்கே சென்னையில் அதற்கு மேல் இன்னும் பல கைகள் பட்டன. ஆலையில் ஃபிட்டர் ஒருவருக்கு ஒரு வண்டிக்கு எவ்வளவு நேரம் கிடைத்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பானட் மூடுகிறதா, கொக்கி விழுகிறதா, கதவைத் திறந்தால் உரசாமல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்; அவ்வளவுதான் என்று என் தந்தை சொல்வார். நான்கு மில்லிமீட்டர் என்று அளந்து பார்க்க அவர் கையில் அளவுகோலே இருந்ததில்லை. எங்கள் வண்டியில், பானட்டைத் திறந்தால் தெரியும் முன்சுவரின் உட்பக்கம், மஞ்சள் சாக்கட்டியால் எழுதிய ஓர் எண் இன்றும் மங்கலாகத் தெரிகிறது. யாராவது பளபளப்பாகப் பெயிண்ட் அடித்துக் கொடுக்கிறேன் என்று வரும்போதெல்லாம் அந்த எண்ணின் மேல் கையை வைத்து மறைத்துக்கொள்வேன்.

அமெரிக்காவில் கார்வெட் என்ற ஸ்போர்ட்ஸ் கார்களைப் புதுப்பிப்பவர்களுக்கு 1974 முதல் ஒரு சங்கம் இருக்கிறது. அங்கே நடுவர்கள், வண்டி ஆலையிலிருந்து வழக்கமாக எப்படி வந்ததோ அதோடு ஒப்பிட்டுத்தான் மதிப்பெண் போடுகிறார்கள். ஆலையில் செய்ததைவிட மேலாகச் செய்தால் மதிப்பெண் குறையும். பெயிண்ட் படக்கூடாத இடத்தில் தெறித்திருந்த துளியைக்கூட அங்கே மறுபடி அதே இடத்தில் தெறிக்க வைக்கிறார்கள். நாம் மட்டும் ஏன் கண்ணாடி போல் செய்துவிட்டு, ‘இருந்தபடியே’ என்று எழுத வேண்டும்?

மயிலை_மோட்டார்

இந்தப் பேச்சுக்குச் சட்டப் பக்கமும் ஒன்று உண்டு. 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, ஐம்பது ஆண்டைக் கடந்த வண்டியை ‘வி.ஏ.’ எழுத்துகள் உள்ள எண்ணோடு தனியாகப் பதிவு செய்யலாம். கட்டணம் 20,000 ரூபாய். அதற்கு வண்டி மூல வடிவில் பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும், சேஸியிலும் பாடியிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. பானட் இடைவெளியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆகவே நண்பர் ஹெரால்டு66 செய்ததில் தவறு எதுவும் இல்லை.

வண்டலூரான்

பதிவெண் வாங்குவதைப் பற்றி இங்கே யாரும் கேட்கவில்லை. ‘இருந்தபடியே’ என்ற சொல்லைப் பற்றித்தான் பேசுகிறோம். மேலும் மயிலை நண்பர் வைத்திருப்பது, ஹெரால்டுக்குப் பின் அதே ஸ்டாண்டர்டு கம்பெனி சென்னையில் செய்த கெஸல். அதன் பின்பக்கத்தில் ஹெரால்டின் ஸ்விங் ஆக்ஸில்கூட (இரு சக்கரமும் தனித்தனியே மேலும் கீழும் அசையும் அச்சு) இல்லை. ஹெரால்டின் பானட்டைப் பற்றி அவர் தீர்ப்புச் சொல்வதை நான் ஏற்க முடியாது.

மயிலை_மோட்டார்

கெஸல் ஹெரால்டிலிருந்து பிறந்த வண்டிதான். அதே 948 சி.சி. எஞ்சின். நம் நாட்டுச் சாலைக்கும் மெக்கானிக்குகளுக்கும் ஏற்றதாகப் பின் ஆக்ஸிலை மாற்றியதைக் குறையாகச் சொல்பவர், இங்கிலாந்தில் விற்காத நான்கு கதவு ஹெரால்டை இங்கே செய்ததையும் குறை சொல்ல வேண்டும். இரண்டும் நம் ஊரில் நம் ஆட்கள் செய்தவை. போன ஆண்டு நடந்த ஓர் அணிவகுப்பிலும் என் வண்டியை வரிசையின் கடைசியில் நிறுத்தச் சொன்னவர் இவர்தான் என்பதை நான் மறக்கவில்லை.

வண்டலூரான்

ஆண்டு வரிசைப்படி நிறுத்தச் சொன்னேன். கெஸல் 1970-களின் வண்டி. அதில் அவமானம் ஒன்றுமில்லை.

ஹெரால்டு66

பேச்சு எங்கோ போகிறது. என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. ஒரு வண்டியில் இருக்கும் கோணல்களில் எது ஆலையில் வந்தது, எது விபத்தில் வந்தது, எது துருவால் வந்தது என்று யார் பிரித்துச் சொல்வது? சொல்ல முடியாதபோது, வரைபடத்தில் எப்படி நினைத்திருந்தார்களோ அதன்படி செய்வதே நேர்மை என்று நான் எண்ணுகிறேன். ஹெரால்டை வடிவமைத்த இத்தாலியர் மிகெலோட்டி வரைந்த கோட்டில் சுண்டுவிரல் இடைவெளி இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆலையின் குறைகளுக்காக இவ்வளவு பேசும் வண்டலூரான் ஐயாவின் வண்டியில் இப்போது இருப்பது பியூ (பாலியூரிதேன்) பெயிண்ட். அந்தக் காலத்தில் அடித்தது என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட். அது காய்ந்த பிறகு ஆள் உட்கார்ந்து ரப்பிங் செய்தால்தான் பளபளப்பு வரும். அந்தப் பளபளப்பின் ஆழமே வேறு. பெயிண்டை மாற்றிக்கொண்டு இடைவெளியை மட்டும் தெய்வமாக வைத்திருப்பது எந்த வகை நியாயம்?

வண்டலூரான்

பெயிண்ட் உரிந்து தகடு துருவேறியதால் வெளிப்பக்கம் மட்டும் 1998-இல் அடித்தேன். உட்பக்கம் தொடவில்லை. பெயிண்ட் என்பது வண்டி உடுத்தும் துணி. இடைவெளி அதன் எலும்பு. துணியை மாற்றியவன் எலும்பையும் ஒடித்து நிமிர்த்தலாம் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

எது ஆலையில் வந்தது என்று எப்படித் தெரியும் என்கிறீர்கள். ஒரே காலத்தில் வந்த, மோதாத வண்டிகள் பத்தைத் தேடிப் பிடித்து அளந்து பாருங்கள். வாங்கிய நாளில் குடும்பத்தோடு வண்டிமுன் நின்று எடுத்த பழைய படங்களைப் பாருங்கள். பலர் வீட்டில் அவை இருக்கும். முன்சுவரில் உள்ள சாக்கட்டி எழுத்தைப் பாருங்கள். இவற்றில் ஒன்றையும் செய்யாமல், எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு, 4 மில்லிமீட்டர் என்று நீங்களே ஓர் அளவை வைத்தீர்கள். அந்த 4 எங்கிருந்து வந்தது? வரைபடத்தில் பார்த்தீர்களா?

ஹெரால்டு66

நான்கு பக்கமும் பொருந்திய அளவு அது. வேலை செய்தவர் கோவை_டிங்கர் அண்ணன்தான். அவர் கையில் எனக்கு நம்பிக்கை உண்டு.

வண்டலூரான்

இதுவரை தாமே அந்த வேலையைச் செய்தவர் என்பதைச் சொல்லாமல், நடுநிலையான தொழிலாளி போலக் கோவை நண்பர் பேசியிருக்கிறார். இதைப் படிப்பவர்கள் கவனிக்க வேண்டும். நான்கு ஆண்டுகளுக்கு முன் என் வலப்பக்க பானட் கொக்கியை நகல் எடுப்பதற்காக வாங்கிச் சென்றவரும் இவரே. திருப்பி வந்தது வேறொரு கொக்கி.

கோவை_டிங்கர்

உங்களிடம் வாங்கிய அதே கொக்கியைத்தான் திருப்பிக் கொடுத்தேன். துருவை எடுத்து மெருகிட்டுக் கொடுத்ததால் அடையாளம் தெரியாமல் போயிருக்கும். வேலை என்னுடையது என்பதை மறைக்கும் எண்ணம் எனக்கு இல்லை. நான் செய்த ஹெரால்டுகளில் ஒன்றுகூடக் கதவு உரசுகிறது என்று திரும்பி வந்ததில்லை, அதைப் பெருமையோடு சொல்வேன். உங்கள் தந்தையார் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் நல்ல ஃபிட்டர் எவரும் சுண்டுவிரல் நுழையும் இடைவெளியை விட்டுவிட்டு நகர மாட்டார்.

வண்டலூரான்

என் தந்தை நல்ல ஃபிட்டர். அவர் விட்டார். ஏனென்றால் அடுத்த வண்டி வந்து நின்றுகொண்டிருந்தது. ஓய்வுபெற்ற பிறகும் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அவர் ஸ்பேனரை எடுத்து அந்தக் கீலைத் தொடவில்லை. தொட்டிருந்தால் ஒரு மணி நேரத்தில் சீராக்கியிருப்பார். சீராக்கத் தெரிந்தவர் சீராக்காமல் வைத்திருந்தார் என்பதை நீங்கள் மூவரும் ஏன் எண்ணிப் பார்க்க மறுக்கிறீர்கள்?

ஹெரால்டு66

அவர் ஏன் தொடவில்லை என்று அவரிடம் கேட்டதுண்டா, ஐயா?

வண்டலூரான்

கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை. இடப்பக்கம் மேலே தபால் அட்டை, கீழே சுண்டுவிரல். இன்று காலையும் அளந்து பார்த்தேன், மாறவில்லை. படம் எடுத்து இன்றிரவு இடுகிறேன்.

கோவை_டிங்கர்

மூன்று நாளாக இடப்பக்கத்தை மட்டுமே சொல்கிறீர்கள். வலப்பக்கத்தையும் சேர்த்துப் படம் இடுங்கள்.