மறு: 'தரைப்பிழை' சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

'எர்த் பால்ட்' (earth fault), அதாவது மின்சாரம் மண்ணுக்குப் போகும் எர்த் வழி தொடர்பான கோளாறு, அதற்குத் தமிழில் என்ன சொல் என்று தேடும் இந்த இழையை இரண்டு வாரமாக ஓரமாக நின்று படித்துக்கொண்டிருந்தேன். கோவை ஐயா 'தரைப்பிழை' என்றார், யாழ்ப்பாணத்து அண்ணன் அதை மறுத்துப் 'புவித்தொடுப்பு வழு' என்றார், அப்புறம் இருவரும் பிழைக்கும் வழுவுக்கும் என்ன வேறுபாடு என்று பேசப் போய்விட்டார்கள். சுவையாகத்தான் இருந்தது. ஆனால் போன சனிக்கிழமை என் கடைக்கு வந்த ஒரு கணினி, இந்த இரண்டு சொல்லையும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது என்று காட்டிவிட்டது. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருப்பது மலேசியாவில், சுங்கை சிப்புட்டில். சுற்றிலும் முன்பு பால்மரம் (ரப்பர்), இப்போது பெரும்பாலும் செம்பனை. பட்டணத்தில் கணினி பழுதுபார்க்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். வந்தவர், தோட்டத்து லயத்தை விட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்குக் குடிவந்த ஓர் அக்கா. "தம்பி, பெட்டியத் தொட்டா சுருக்குன்னு இழுக்குது, பையன் கிட்டவே போக மாட்டேங்கிறான், உள்ள கரண்டு ஒழுகுதான்னு பாரு" என்றார். கடையில் மாட்டிப் பார்த்தேன், ஒன்றுமில்லை. டெஸ்ட் பேனா எரியவில்லை, பெட்டிக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் பூஜ்யம். சாயங்காலம் அவர் வீட்டுக்கே போய் அதே பெட்டியை அவர்கள் மாட்டுகிற இடத்தில் மாட்டி, அடுத்த சுவரில் இருந்த சாக்கெட்டின் எர்த்தோடு வைத்து அளந்தால் 110 வோல்ட்டைத் தாண்டிக் காட்டுகிறது. கீழே சிமெண்டுத் தரை, அப்போதுதான் துடைத்த ஈரம், பையன் வெறுங்கால்.

குற்றவாளி அந்தக் கணினி இல்லை, எக்ஸ்டென்ஷன் வயர். பிளக்கைத் திறந்தேன். மூன்று முனையும் ஒழுங்காக இருக்கின்றன, உள்ளே வருவது இரண்டு வயர்தான். பச்சை மஞ்சள் வயரை யாரோ ஒட்ட நறுக்கிவிட்டிருக்கிறார்கள். நம்மூர்ப் பிளக்கில் எர்த் முனைதான் மற்ற இரண்டையும்விட நீளம், அது உள்ளே போய்த்தான் சாக்கெட்டின் மூடியைத் தள்ளித் திறக்கும். அந்த வேலைக்கு முனை இருந்தால் போதும், வயர் வேண்டியதில்லை. ஆகவே வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு எல்லாம் சரியாக இருப்பதாகத்தான் தெரியும். (இரண்டு முனைப் பிளக்கை நுழைக்க மேல் ஓட்டையில் பேனாவைக் குத்தும் பழக்கம் நம் வீடுகளில் எவ்வளவு சாதாரணம் என்று உங்களுக்கே தெரியும்.)

சரி, வயர் இல்லாவிட்டால் ஏன் இழுக்கிறது? கணினியின் பவர் சப்ளையில், வெளியே பரவும் மின் இரைச்சலை அடக்குவதற்காக, மின்சாரம் வரும் லைவ் கம்பியிலிருந்து பெட்டிக்கு ஒன்றும், அது திரும்பிப் போகும் நியூட்ரலிலிருந்து பெட்டிக்கு ஒன்றுமாகச் சின்ன மின்தேக்கிகளை வைத்திருப்பார்கள். அவற்றின் வழியாக எப்போதும் ஒரு துளி மின்சாரம் பெட்டிக்கு வந்துகொண்டே இருக்கும், எர்த் இருந்தால் சத்தமில்லாமல் மண்ணுக்குள் போய்விடும். எர்த் இல்லையென்றால் பெட்டி நடுவில் தொங்கும்: 230 வோல்ட்டில் பாதி, அதாவது ஏறக்குறைய 115. மீட்டர் காட்டியது அதைத்தான். ஓட்டம் பெரும்பாலும் ஒரு மில்லிஆம்பியருக்கும் குறைவு, எறும்பு கடித்த மாதிரி இருக்கும், அவ்வளவே.

ஆக, அந்த வீட்டில் கசிந்தது பிழையா? இல்லை. செய்தவனே கணக்குப் போட்டு விட்ட கசிவு அது. பிழை எங்கே இருந்தது என்றால், அந்தக் கசிவு போகவேண்டிய வழி அறுந்திருந்ததில். இந்த இரண்டையும் 'தரைப்பிழை' என்று ஒரே மூட்டையாகக் கட்டினால் அக்காவிடம் நான் என்ன சொல்வது? "உங்கள் கணினியில் தரைப்பிழை" என்றால் கணினியைத் தூக்கிப் போட்டுவிட்டு அதே எக்ஸ்டென்ஷனில் புதுசை மாட்டுவார்.

எதிர்ப்பக்கமும் ஒன்று சொல்கிறேன். இங்கே ஒரு டியூஷன் சென்டரில் 20 கணினிகள் ஒரே ஆர்சிசிபியின் கீழ், அதாவது மண்ணுக்குக் கசிவு கூடினால் மின்சாரத்தை வெட்டிவிடும் கருவியின் கீழ். (நாம் எல்லாரும் ஈஎல்சிபி என்றே சொல்கிறோம், பழைய பெயர், போகட்டும்.) அது 30 மில்லிஆம்பியர் வகை. காலையில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் டப்பென்று விழும். மூன்று பேர் வந்து ஒவ்வொரு கணினியாகக் கழற்றிப் பார்த்தார்கள், ஒன்றிலும் குறையில்லை. ஒவ்வொன்றும் ஒரு மில்லிஆம்பியர் அளவுக்குக் கசிந்தால் மொத்தம் 20 ஆகிறது, அந்த வகைக் கருவி 15க்கு மேல் எப்போது வேண்டுமானாலும் விழலாம். இரண்டு சர்க்கியூட்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி ஆர்சிசிபி வைத்ததும் சரியாகிவிட்டது. அங்கே எர்த் நன்றாக இருந்தது, கசிவு மட்டுமே இருந்தது, பழுதென்று ஒன்றுமே இல்லை. அந்தக் கருவி பார்ப்பது ஒரே கணக்குத்தான்: போனது எவ்வளவு, திரும்பி வந்தது எவ்வளவு. தோட்டத்தில் பால் நிறுக்கும் கிராணி (கணக்கர்) மாதிரி, குறைந்தால் ஏன் எதற்கு என்று கேட்க மாட்டான்.

அக்கா வீட்டில் மெயின் பெட்டியில் இருந்ததோ 100 மில்லிஆம்பியர் ஒன்றுதான். எறும்புக் கடிக்கெல்லாம் அது அசையாது. கணினிக்குள் உண்மையிலேயே ஒரு லைவ் கம்பி கழன்று அதன் பெட்டியில் படுகிறது என்று வையுங்கள். எர்த் இருந்தால் பெரிய ஓட்டம் பாய்ந்து, பிளக்கில் இருக்கும் பியூஸ் போய்விடும், அல்லது பிரேக்கர் விழும். எர்த் அறுந்திருந்தால் ஒன்றுமே நடக்காது, பையன் வந்து கை வைக்கும் வரை.

இனி சொற்களுக்கு வருகிறேன்.

'தரை' என்றால் என் காதில் விழுவது சிமெண்டுத் தரை. ஆனால் அதைத் தூக்கி எறிய வேண்டாம். மதர்போர்டில் எல்லா அளவுக்கும் பூஜ்யமாக வைத்துக்கொள்ளும் புள்ளி இருக்கிறதே, அது மண்ணோடு சேர்ந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை (லேப்டாப் பேட்டரியில் ஓடும்போது எங்கே மண்?). அதற்குத் 'தரை' பொருந்தும். மண்ணுக்குள் அடித்த செம்புத் தண்டுவரை போகும் இணைப்புக்கு 'நிலம்'.

'புவி' பாடநூலுக்கு நன்று. மலாய்க்காரர்கள் எர்த் வயரை 'வாயர் பூமி' என்கிறார்கள். நமக்கும் பழகிய பூமியை எடுத்து அவர்கள் ஒரே போடாகப் போட்டு முடித்துவிட்டார்கள், நாம் இன்னும் இழை ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

'தொடுப்பு' விஷயத்தில் யாழ்ப்பாணத்து அண்ணன் மன்னிக்க வேண்டும். உங்கள் பக்கம் அது சுத்தமான சொல். எங்கள் பக்கம் ஒருவருக்குத் தொடுப்பு இருக்கிறது என்றால் அது வேறு கதை. ஒரு வீட்டு வாசலில் நின்று அக்காவிடம் "உங்கள் வீட்டுத் தொடுப்பு அறுந்துவிட்டது" என்று நான் சொன்னால், உள்ளே இருந்து அவர் வீட்டுக்காரர் வந்துவிடுவார். 'இணைப்பு' என்றே வைப்போம்.

'பிழை', 'வழு' இரண்டும் கணினி நிரலில் (புரோகிராமில்) இருக்கட்டும். 'நிலப்பழுது' என்று ஒன்றை நானே யோசித்தேன். பால்மரம் வெட்டி ஓய்ந்த என் அப்பாவிடம் சொன்னதும், "எந்த நிரையில? உரம் போடலையா?" என்று கேட்டார். அதோடு விட்டுவிட்டேன்.

என் பரிந்துரை: மண்ணுக்குப் போகும் ஓட்டத்துக்கு 'நிலக்கசிவு'. வெறும் 'மின்கசிவு' போதாது, எந்தக் கடை எரிந்தாலும் நாளிதழ்கள் மின்கசிவு என்று எழுதியே அந்தச் சொல்லைத் தேய்த்துவிட்டன. வயர் போயிருந்தால் அதற்குப் பெயர்ச்சொல்லே வேண்டாம், 'நில இணைப்பு அறுந்திருக்கிறது' என்று வினையாகவே சொல்வோம். கசிகிறது, அறுந்திருக்கிறது: அந்த அக்காவுக்கு இவ்வளவு போதும். எல்லாவற்றையும் பெயராக்கித்தான் ஆகவேண்டும் என்பது வேற்றுமொழிப் பட்டியலைப் பார்த்து வந்த ஆசை.

> பெயராக்கக் கூடாது என்றால் அகரமுதலியில் எங்கே வைப்பது அண்ணே? படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. 'நிலமுறிவு' வைக்கலாமா? எலும்பு முறிவு மாதிரி. - ஈப்போ தங்கை

தங்கச்சி, கட்டத்தை நிரப்பத்தான் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிலமுறிவு என்றால் கேமரன் மலைப் பாதையில் மழைக்கு மண் சரிந்த மாதிரி இருக்கிறது. 'நில இணைப்பு முறிவு' என்று முழுசாகவே போடுங்கள். நீளம்தான், ஆனால் எது முறிந்தது என்பது அதிலேயே இருக்கிறது. யாழ்ப்பாணத்து அண்ணன் 'புவித்தொடுப்பு முறிவு' என்று பக்கத்தில் எழுதினால் எனக்குச் சண்டையில்லை.

அக்கா வீட்டுக்குப் புது எக்ஸ்டென்ஷன் வாங்கிக் கொடுத்துவிட்டேன். மாட்டுவதற்கு முன்னால் அதையும் மீட்டர் வைத்துப் பார்த்தேன், எர்த் முனையிலிருந்து எர்த் ஓட்டை வரை பீப் அடித்தது. சாக்கெட்டுகளுக்குத் தனியாக 30 மில்லிஆம்பியர் வைக்க வியாழக்கிழமை வயர்மேன் வருகிறார். அவரிடம் 'நிலக்கசிவு' என்று சொல்லிப் பார்க்கிறேன், விளக்கம் கேட்காமல் வேலையைத் தொடங்கினால் இங்கே வந்து எழுதுகிறேன்.