மெக்கானிக்கலா, புரொடக்‌ஷனா? லேத் பட்டறை வீட்டிலிருந்து ஒரு கேள்வி

லேத்பட்டறை_மகள் எழுதியது:

அக்காமார், அண்ணன்மார் எல்லோருக்கும் வணக்கம். இந்த வருடம் பிளஸ் டூ முடித்தேன். கோவை கணபதிப் பக்கம் வீடு. கணிதம் 91, இயற்பியல் 89, வேதியியல் 86. இன்ஜினியரிங் கட்-ஆஃப் 200-க்கு 178.5 வருகிறது. வெள்ளிக்கிழமைக்குள் கவுன்சிலிங்கில் சாய்ஸ் ஃபில்லிங் (கல்லூரி, பாடப்பிரிவு விருப்பப் பட்டியல்) முடிக்க வேண்டும்.

அப்பா வீட்டை ஒட்டியே பட்டறை வைத்திருக்கிறார். இரண்டு லேத் (கடைசல் மெஷின்), ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு வெல்டிங் செட். பெரும்பாலும் மோட்டார் ரீவைண்டிங் கடைகளிலிருந்து வரும் வேலைதான். பேரிங் உட்காரும் இடம் தேய்ந்துபோன ஷாஃப்ட்டை (சுழலும் தண்டு) கொண்டு வருவார்கள். அந்த இடத்தில் வெல்டிங் வைத்து ஏற்றி, மறுபடி கடைசல் பிடித்து அளவுக்குக் கொண்டுவர வேண்டும். ஒன்பதாம் வகுப்பிலிருந்து மைக்ரோமீட்டர் பிடித்து அளவு சொல்வது என் வேலை.

அப்பாவுக்கு நான் இந்தப் பக்கம் வருவதில் விருப்பமில்லை. "கம்ப்யூட்டர் எடுத்துக்க கண்ணு, இந்தச் சத்தமெல்லாம் என்னோட போகட்டும்" என்கிறார். எனக்கு மெக்கானிக்கல் அல்லது புரொடக்‌ஷன் படிக்கத்தான் ஆசை. இரண்டுக்கும் உண்மையில் என்ன வித்தியாசம்? விசாரித்த இடத்திலெல்லாம் "ரெண்டும் ஒண்ணுதான்" என்கிறார்கள். ஒன்றுதான் என்றால் எதற்கு இரண்டு பெயர்?

இன்னொன்று. அப்பா கடைசி கட்டிங்குக்கு முன்னால் ஷாஃப்ட்டில் ஈரத்துணி சுற்றி வைத்துவிட்டு, டீ குடித்து வந்த பிறகுதான் அளக்க விடுவார். அவசர வேலை என்றாலும் அப்படித்தான். ஏன் என்று கேட்டால் "சூட்டுல அளவு பொய் சொல்லும்" என்பார். எவ்வளவு பொய் சொல்லும் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. இதையெல்லாம் கல்லூரியில் சொல்லித் தருவார்களா?

மூன்றாம்வருடம்_மெக் எழுதியது:

நான் மெக்கானிக்கல் மூன்றாம் வருடம். முதல் வருடம் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: கணிதம், இயற்பியல், வேதியியல், இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ், ஒர்க்‌ஷாப். ஒர்க்‌ஷாப்பில் இரும்புத் தகட்டை அரம் போட்டு அராவி, ஒன்றோடொன்று சேரும்படி செய்யச் சொல்வார்கள். எங்கள் வகுப்பில் பலருக்கு அதுவே பெரும்பாடாக இருந்தது, உங்களுக்கு இருக்காது. இரண்டாம் வருடம்தான் கனம். தெர்மோடைனமிக்ஸ், ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ், ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் மூன்றும் சேர்ந்து வரும். கணிதத்தில் 91 எடுத்தவருக்குப் பயமில்லை. ஆனால் சூத்திரத்தை மனப்பாடம் செய்து தப்பிக்க முடியாது.

உங்கள் பட்டறைக்கு உடைந்த ஷாஃப்ட்டும் வருமே, கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் விட்டம் மாறும் படியில் அல்லது சாவிக்குழி (புல்லியைப் பிடிக்கும் கட்டை உட்காரும் பள்ளம்) ஓரத்தில்தான் உடைந்திருக்கும். பெல்ட் இழுக்கும் ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை இரண்டு பக்கமும் வளைந்து மீள்கிறது. பம்ப் மோட்டார் நிமிடத்துக்கு 2,880 சுற்று என்றால் ஒரு மணி நேரத்தில் 1,72,800 முறை. ஆறு மணி நேரம் தண்ணீர் பாய்ச்சினால் பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். கூரான உள்மூலையில் இழுவிசை குவிந்து, மயிரிழை விரிசலாகத் தொடங்கி, ஒருநாள் பட்டென்று போகிறது. ஜெர்மனியில் ரயில் அச்சுகள் இப்படி உடைந்ததைப் பார்த்துத்தான் ஆகஸ்ட் வோலர் 1850-களிலும் 60-களிலும் சோதனை மேல் சோதனையாகச் செய்தார். அந்தப் படியில் சின்ன வளைவு விட்டால் ஆயுள் எவ்வளவு கூடும் என்று கணக்குப் போடுவது மெஷின் டிசைன் பாடம். எனக்கு மெக்கானிக்கல் பிடித்துப்போனது அந்தப் பாடத்தில்தான்.

மைக்ரான் எழுதியது:

தங்கச்சி, உன்னை நீ என்றே எழுதுகிறேன். நான் புரொடக்‌ஷன் முடித்தது 2008-இல். அறுபது பேர் வகுப்பில் நாங்கள் நான்கு பெண்கள். இப்போது ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறேன்.

உன் அப்பாவின் ஈரத்துணியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உன் முதல் கேள்விக்கான பதிலும் அதில்தான் இருக்கிறது. எஃகு ஒரு டிகிரிக்கு, ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 12 மைக்ரான் விரியும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 40 மி.மீ. ஷாஃப்ட் என்று வைத்துக்கொள். மைக்ரோமீட்டரைவிட ஷாஃப்ட் 30 டிகிரி சூடாக இருந்தால் விட்டம் 14 மைக்ரான் கூடுதலாகக் காட்டும். 14 மைக்ரான் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். 40 மி.மீ. பேரிங்குக்கு வழக்கமாகக் கொடுக்கும் கே6 என்ற அளவு வரம்பில் ஷாஃப்ட் 40.002-க்கும் 40.018-க்கும் நடுவில் இருக்க வேண்டும். மொத்த இடமே 16 மைக்ரான்தான். சூட்டில் 40.012 என்று பார்த்து, சரி என்று கொடுத்துவிட்டால் ஆறிய பிறகு அது 39.998. பேரிங் தளர்ந்து, உள்வளையம் ஷாஃப்ட்டின் மேல் சுற்றி, மறுபடி தேய்ந்து, அதே ஷாஃப்ட் ஆறு மாதத்தில் உங்கள் பட்டறைக்கே திரும்பி வரும்.

இன்னொன்றையும் கவனி. அளவுகளுக்கு உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட வெப்பநிலை 20 டிகிரி. கணபதியில் ஏப்ரல் மத்தியானம் பட்டறைக்குள் 36 இருக்கும். அப்படியானால் ஏசி இல்லாமல் உன் அப்பா அளப்பதெல்லாம் தப்பா? இல்லை. ஷாஃப்ட்டும் எஃகு, மைக்ரோமீட்டரும் எஃகு. இரண்டும் ஒரே சூட்டில் இருந்தால் இரண்டும் ஒரே அளவு விரிகின்றன, கணக்கு சரியாகிவிடுகிறது. ஈரத்துணியும் டீ நேரமும் செய்வது அதைத்தான்: ஷாஃப்ட்டை மைக்ரோமீட்டரின் சூட்டுக்குக் கொண்டுவருவது. உன் அப்பா செய்வது முறையான மெட்ராலஜி, அதாவது அளவெடுக்கும் அறிவியல்.

இதை நான் கற்றுக்கொண்டது அடிபட்டுத்தான். முதல் வேலையில் ஓர் அலுமினிய ஹவுசிங் (பாகங்கள் உட்காரும் கூடு), 80 மி.மீ. துளை, அனுமதி (அளவு மாறலாம் என்று விடும் இடம்) 30 மைக்ரான். மெஷின் பக்கத்தில் சரி என்று வந்த பாகங்கள், 20 டிகிரி அறையில் இருக்கும் சி.எம்.எம். என்ற துல்லிய அளவுக் கருவியில் வைத்தால் சிறிதாகக் காட்டின. ஒரு ஷிஃப்ட் உற்பத்தி முழுவதும் நின்றது. ஆபரேட்டர் தவறாக அளந்தார் என்று எல்லாரும் அவர்மேல் பாய்ந்தார்கள். எனக்கு அப்போது வயது 22, வாயைத் திறக்கவில்லை. ராத்திரி விடுதியில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அலுமினியம் எஃகைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். 35 டிகிரியில் துளை 28 மைக்ரான் விரிந்திருக்கிறது, அதை அளந்த எஃகுக் கருவி 14 மைக்ரான்தான் விரிந்திருக்கிறது. மிச்சம் 14 மைக்ரான், அதாவது அனுமதியில் பாதி. மறுநாள் காலை அந்தத் தாளைக் கொண்டுபோய் மேலாளர் மேசையில் வைத்தேன். அந்த ஆபரேட்டர் அண்ணன் பத்து வருடம் கழித்தும் என்னைப் பார்த்தால் அந்தத் தாளைப் பற்றிப் பேசுவார்.

இப்போது உன் கேள்வி. மேலே தம்பி எழுதியிருப்பது அருமையான உதாரணம். அதே ஷாஃப்ட்தான். எவ்வளவு பருமன், எந்தப் பொருள், ஏன் உடைகிறது என்பதில் மெக்கானிக்கல் அதிக நேரம் செலவிடும். அந்த 16 மைக்ரானுக்குள் ஆயிரம் ஷாஃப்ட்டை எப்படி, எந்த வரிசையில், எந்த டூலில் செய்வது என்பதில் புரொடக்‌ஷன் அதிக நேரம் செலவிடும். வார்ப்பு, ஃபோர்ஜிங், மெட்டல் கட்டிங், ஜிக்-ஃபிக்ஸர் (பாகத்தைப் பிடித்து நிறுத்தும் அமைப்புகள்), சி.என்.சி. (கம்ப்யூட்டர் ஓட்டும் மெஷின்), மெட்ராலஜி, தரத்துக்கான புள்ளியியல் எல்லாம் ஆழமாக வரும். தெர்மோடைனமிக்ஸ் கொஞ்சம் குறையும், காணாமல் போகாது.

மெட்டல் கட்டிங்கில் ஃபிரெடரிக் டெய்லர் என்ற பொறியாளரின் சமன்பாடு என்று ஒன்று படிப்பாய். அமெரிக்காவில் ஏராளமான சோதனைகள் செய்து 1907-இல் அவர் வெளியிட்டது. கார்பைடு டூலுக்கு (மிகக் கெட்டியான வெட்டும் முனை) வழக்கமாக எடுக்கும் மதிப்பைப் போட்டால், வெட்டும் வேகத்தை இரண்டு மடங்காக்கினால் டூலின் ஆயுள் பதினாறில் ஒன்றாகக் குறையும். உன் அப்பா சத்தத்தையும் வெட்டி வரும் இரும்புச் சுருளின் நிறத்தையும் வைத்து வேகத்தைக் குறைப்பாரே, அதன் கணக்கு இது. வகுப்பில் இந்தச் சமன்பாடு வரும் நாளில் உனக்கு மட்டும் ஒரு லேத் சத்தம் காதில் கேட்கும். அதை யாரும் கொடுக்க முடியாது.

பெண் என்பதற்காகத் தயங்காதே. தலைமுடியை இறுக்கிக் கட்டு, துப்பட்டா வேண்டாம், பாதுகாப்பு ஷூ சரியான அளவில் கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டே இரு. கழிப்பறை எங்கே என்று இன்டர்வியூவிலேயே கேள், நான் கேட்டிருக்கிறேன். சம்பளத்தில் மட்டும் உன்னிடம் ஒளிக்க மாட்டேன். என் முதல் சம்பளம் மாதம் 9,000. கம்ப்யூட்டர் பக்கம் போன தோழிக்கு அதைப்போல இரண்டரை மடங்கு. எட்டு வருடம் பொறுத்த பிறகுதான் எனக்குக் கை நிமிர்ந்தது. அப்பா பயப்படுவது அதைத்தான், அந்தப் பயம் நியாயமானது. அவரிடம் அதை மறைக்காமல் பேசு.

டூல்ரூம்_ஓய்வு எழுதியது:

முப்பத்து நான்கு வருடம் டூல்ரூமில் (தொழிற்சாலைக்கான கருவிகள், அச்சுகள் செய்யும் பிரிவு) இருந்தவன். அந்த அம்மா சொன்னதற்கு மேல் அதிகம் இல்லை. இரண்டு சேர்த்தி மட்டும்.

சாய்ஸ் போடும் முன் கல்லூரிக்கு நேரில் போய் ஒர்க்‌ஷாப்பைக் காட்டச் சொல்லுங்கள். லேத் பெட்டில் விரலை வையுங்கள், எண்ணெய் ஒட்ட வேண்டும். அடித்தட்டில் புதிய இரும்புச் சுருள் கிடக்க வேண்டும். தூசி ஒட்டினால், எவ்வளவு பெரிய கட்டடமாக இருந்தாலும் வேறு இடம் பாருங்கள். கோவையிலேயே பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் புரொடக்‌ஷன் இருக்கிறது. சென்னையில் கிண்டி பொறியியல் கல்லூரியில் மேனுஃபேக்சரிங், குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் புரொடக்‌ஷன் டெக்னாலஜி என்று பெயர். அரசு நிறுவன வேலையில் ஆசை இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். கேட் (GATE, பொறியியல் பட்டதாரிகளுக்கான தேசிய அளவிலான தேர்வு) தேர்வில் மெக்கானிக்கலுக்கு ஒரு தாள், புரொடக்‌ஷனுக்குத் தனித் தாள். சில அறிவிப்புகளில் மெக்கானிக்கல் என்று மட்டும் இருக்கும், சிலவற்றில் புரொடக்‌ஷனையும் சேர்த்துக்கொள்வார்கள். அந்த ஒரு விஷயத்தில் மெக்கானிக்கலுக்குக் கதவு கொஞ்சம் அகலம்.

அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். இஎன்8 (EN8) என்ற ரக எஃகு ஷாஃப்ட்டாக இருந்தால், வெல்டிங்குக்கு முன் அந்த இடத்தை நன்றாகச் சூடேற்றி, முடிந்ததும் மெதுவாக ஆறவிடச் சொல்லுங்கள். கார்பன் 0.4 சதவீதம் இருக்கிற இரும்பு அது. குளிர்ந்த ஷாஃப்ட்டில் நேராக வெல்டிங் வைத்தால் ஓரத்தில் கெட்டியாகி விரிசல் விடும். வெல்டிங் வைத்த சூட்டில் ஈரத்துணி கூடாது. அது கடைசல் சூட்டுக்கு மட்டும்.

லேத்பட்டறை_மகள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மைக்ரான் அக்கா, உங்கள் பதிலை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "முறையான மெட்ராலஜி" என்ற இடத்தை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்.

இன்று காலை ஒரு 40 மி.மீ. ஷாஃப்ட் லேத்தில் இருந்தது. துணி சுற்றும் முன் அளந்தேன், 40.06. டீ குடித்துவிட்டு வந்து அளந்தேன், 40.04. வித்தியாசம் 20 மைக்ரான். உங்கள் 12-ஐ வைத்துத் திருப்பிக் கணக்குப் போட்டால் ஷாஃப்ட் ஏறத்தாழ 42 டிகிரி அதிகச் சூட்டில் இருந்திருக்க வேண்டும். கையில் பிடிக்க முடியாத சூடுதான், பொருந்துகிறது. அப்பா சாக்பீஸ் எடுத்து இரண்டு அளவையும் 42-ஐயும் லேத்துக்குப் பின்னால் சுவரில் எழுதி வைத்தார். டூல்ரூம் ஐயா சொன்ன வெல்டிங் விஷயத்துக்கு, கேஸ் டார்ச் வாங்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்.

நாளை இரண்டு கல்லூரிகளுக்குப் போய் லேத் பெட்டில் கை வைத்துப் பார்க்கப் போகிறேன். அப்பாவும் கூட வருகிறார். புரொடக்‌ஷனை முதலிலும் மெக்கானிக்கலை அடுத்தும் போட்டிருக்கிறேன். கம்ப்யூட்டரை அப்பாவுக்காகக் கடைசியில் ஒரே ஒரு இடத்தில் போட்டிருந்தேன். "அது வேணுமா?" என்று அவரே கேட்டார். இன்னும் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை வரை நேரம் இருக்கிறது.